வாசலுக்கு முப்பத்தொரு ஓட்டு

"ஹலோ... ஹலோ, ஸ்டேஷனா? தம்பி, நான்தான், அடுக்குமாடி செக்ரட்டரி அக்கா பேசறேன்... ஆமா, ஆமா, அதே அக்காதான். வாசல் வண்டி அக்கா... சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கிற நிலைமையில நான் இல்லை."

மாலை ஐந்து நாற்பது. சங்க அறையின் ஜன்னலோரம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள் செக்ரட்டரி. மறுமுனையில் இருந்தவர் அந்த வட்டாரத்தின் ரோந்துப் பொறுப்பு அதிகாரி. வாரம் தவறாமல் அவரைக் கூப்பிட்டுக் குடைந்தெடுப்பவள்தான். இன்று குரல் மட்டும் அவளுடையதாக இல்லை.

"மூணாவது மாடி டீச்சர் விஷயம் உங்களுக்கு வந்துச்சா?... ஆமா, நேத்து. பஸ்ஸை விட்டு இறங்கி சுரங்கப்பாதை வழியா வந்திருக்காங்க. அந்த நாலு தடியனுங்களும் படிக்கட்டை அடைச்சு பாட்டிலோட உக்காந்திருக்கானுங்க. வழி விடுங்கப்பான்னு கேட்டதுக்கு ஒருத்தன் பையைப் பிடிச்சு இழுத்திருக்கான்... பதினோரு படி, தம்பி. பதினோரு படியும் உருண்டிருக்காங்க... இல்லை, உயிருக்கு ஒண்ணும் இல்லை. இடுப்பெலும்பு போச்சு. நாளைக்கு ஆபரேஷன். எழுபத்திரண்டு வயசு உடம்பு, என்ன ஆகுமோ..."

"பிடிச்சுட்டீங்களா?... ஒருத்தனை மட்டுமா? மத்த மூணு பேரு?... சாட்சி இல்லையா? அங்கேயேதான் உக்காந்திருக்கானுங்க! மத்தியானம் நானே எட்டிப் பார்த்தேன். 'என்னம்மா, நீயும் இறங்கி வர்றியா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறான் ஒருத்தன்."

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

"அதான் தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாயங்கால ரோந்து ரெண்டு பேரை அங்க மாத்திடுங்க... பட்டியல்ல இல்லையா? பட்டியலைத் தூக்கிக் குப்பையில போடுங்க... சரி. சரி. கத்தலை. சொல்லுங்க, கேக்கறேன்."

பட்டியல் எதுவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேஷனிலிருந்து பாரம் வரும். தெருவில் எது பெரிய தொல்லை என்று ஆளுக்கு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதிக ஓட்டு வாங்கும் மூன்று தொல்லைகளுக்கு மட்டுமே சாயங்கால ரோந்து. இந்தத் தடவை முதலிடம், அடுக்குமாடி வாசலை அடைத்து வண்டி நிறுத்துவதற்கு. சுரங்கப்பாதைக்கு நாலாவது இடம்.

கீழே வாசலில் அந்த இரண்டு காவலர்களும் ஒரு வேனின் சக்கரத்தைக் குனிந்து பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டு வாங்கிய காவல்.

"மாத்தவே முடியாதா?... ஓட்டுல தப்பு நடந்திருந்தா மட்டும்தானா?... முதலிடத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் எத்தனை ஓட்டு தம்பி வித்தியாசம்?... ஹலோ?... இருபதா? வெறும் இருபதா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதே நாற்காலி, இதே மேசை. அன்றைக்கு ஒரு மத்தியானம் முழுக்க இங்கே உட்கார்ந்து, நீல மையும் கறுப்பு மையுமாகப் பேனாவை மாற்றி மாற்றி எழுதினாள். எதிர் ரொட்டிக்கடைக்காரர் நாலு பேர் முன்னால் அவளை 'வாசல் கேட்டுக்கு மாட்டின கொண்டி' என்று சொல்லிச் சிரித்திருந்தார். அவர் கடை வாடிக்கையாளர் ஒருத்தரும் இனி இந்த வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் அன்றைக்கு அவள் மனசில் இருந்தது.

"தம்பி... இதை எழுதிக்குங்க. தப்பு நடந்துச்சு... நான்தான் பண்ணினேன்... விளையாட்டில்லை. வெத்துப் பாரத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு, நானே வாசல் வண்டின்னு எழுதினேன்... முப்பத்தொண்ணு. ஆமா, முப்பத்தொண்ணுமே... கேட்டா 'நீங்களே எழுதிடுங்கக்கா'ன்னுதான் சொன்னாங்க பாதிப் பேரு... இல்லை, எல்லாரும் அப்படிச் சொல்லலை."

"...டீச்சரா?"

போனின் சுருள் வயர் அவள் விரலில் இறுகியிருந்தது.

"டீச்சர் பாரமும்தான் தம்பி. கண்ணாடி உடைஞ்சிருக்கு, நான் சொல்றேன் நீ எழுதும்மான்னாங்க. சுரங்கப்பாதைன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நான் தலையாட்டிட்டு... ம்... ம்."

"கேஸா? போடுங்க... பதவி போனா போகட்டும். ரொட்டிக்கடைக்காரர் கேள்விப்பட்டா ஊருக்கே இனாமா பன் குடுப்பார், குடுக்கட்டும். முப்பத்தொண்ணையும் கழிச்சிட்டா சுரங்கப்பாதை மேல வந்துடுமில்ல? இன்னைக்கே ஆளை அனுப்புங்க. அது போதும் எனக்கு... ஆகட்டும், மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வாங்க. வெக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன்."

காத்திருந்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஆங், சொல்லுங்க... மொத்த ஓட்டும் செல்லாதா? ஏன்?... திரும்ப பாரம் குடுத்து, திரும்ப எண்ணி... ஆறு வாரமா! அதுவரைக்கும்?... பட்டியல் இல்லைன்னா ரோந்தும் இல்லையா? என்ன தம்பி பேசறீங்க, உண்மையைச் சொன்னதுக்கு இதுவா?... மேலிடம்... ஆமா, ஆமா, உங்க மேல தப்பில்லை. எனக்குத் தெரியும் யார் மேல தப்புன்னு."

கீழே காவலர் ஒருவரின் இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. அவர் கேட்டார், நோட்டை மூடினார். இருவரும் நடந்தார்கள். சுரங்கப்பாதை இருக்கும் பக்கம் அல்ல, பெரிய ரோட்டுப் பக்கம். அவர்கள் திரும்பி மறைவதற்குள் ஒரு கார் வந்து வாசலை அடைத்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து டார்ச்சை எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். எரிந்தது.

"தம்பி, ஆறேகால் பஸ் வந்துடும். நம்ம கட்டடத்து ஆளுங்க ஏழெட்டுப் பேரு அதுலதான் வருவாங்க. நான் போய்ப் படிக்கட்டுல நிக்கறேன்... தனியாத்தான். வேற யாரைக் கூப்பிடறது, எந்த முகத்தோட கூப்பிடறது?... ஆபத்துன்னு தெரியும் தம்பி. டீச்சருக்கும் தெரியும். அதான் எழுதச் சொன்னாங்க."

மறுமுனையில் குரல் பதறிக்கொண்டிருக்கும்போதே அவள் ரிசீவரை வைத்தாள்.