இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு தட்டல்

பாட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது, தம்பி. மெட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்லவியில் மட்டும் எக்கோ கொஞ்சம் தூக்கல். குரல் காலி அறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அதை நான் முதல் நாளே எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி என்று கூப்பிடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் என் அறை வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான். கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்வேன்.

என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறான். பாட்டு அவனுக்கு ஒரு கிறுக்கு. மாடி அறையில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். வெளிச் சத்தம் வரக் கூடாதென்று பழைய மெத்தைகளைப் பிரித்துச் சுவர் முழுக்க ஆணியடித்து வைத்திருக்கிறான். தரையை விட்டுவிட்டான். எதையும் முக்கால்வாசி செய்துவிட்டு முடிந்தது என்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவனைப் போல வீட்டிலேயே பாட்டுப் பதிகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பல் டாக்டர் ஒருவர், நோயாளிக்கு வாய் மரத்துப்போகும் வரை பக்கத்து அறையில் கிட்டார் வாசிப்பாராம். அவர் ‘சொத்தைப் பல்’. பஸ் ஓட்டுகிற ஒருவர் ‘மூணாவது கியர்’. எத்தனை கவனமாகப் பதிந்தாலும் அடுப்படிச் சத்தம் பாட்டில் விழுந்துவிடுகிற ஒரு அம்மா ‘குக்கர் விசில்’. ஒருவர் பாட்டைப் போட்டால் மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு: நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்த இடத்தில் என்ன கேட்டது என்று எழுத வேண்டும். நல்ல சட்டம். என் பள்ளிக்கூடத்தில் நானே போட்டிருக்கக்கூடிய சட்டம்.

மகன் அங்கே போட்ட பாட்டு, என் மகள் இறந்த அன்று மத்தியானம் பதிந்தது.

அது உங்களுக்குத் தெரியும். அப்போது வந்த உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதிக்கொண்டு போனதும் தெரியும். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறைக்குள் எதையோ எடுக்கப் போனாள். கதவு அடித்துச் சாத்தியதில் வெளிக்கொண்டி தானாக விழுந்துவிட்டது. உள்ளே ஒரே தூசி, ஜன்னல் கிடையாது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. என் மனைவி தன் அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மகன் மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். எனக்குக் காது மந்தம். இப்படித்தான் எழுதினார்கள். வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

காது மந்தம் என்பதை அன்றைக்கு நான் புதிதாகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்தே வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். வயதானவனுக்கு அது ஒரு வசதி. கேட்காது என்று நினைத்தால் மனிதர்கள் உண்மை பேசுவார்கள். என் மகள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அம்மாவிடம் சமையலறையில் சொன்னதெல்லாம் அப்படித்தான் என் காதுக்கு வந்தது. பிறகு ஒரு மெஷின் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கும் மரியாதையாக இருந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு மகன் பாதியாகிவிட்டான். “நான் ஹெட்போனைக் கழட்டியிருந்தா கேட்டிருக்கும்மா” என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வான். அவன் அம்மா முதுகைத் தடவிக் கொடுப்பாள். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவேன். பழி யாராவது ஒருவர் மேல் கிடக்கத்தான் வேண்டும் என்றால் அது இளம் தோளில் கிடப்பதே நல்லது. அவனுக்குத் தாங்கிப் பழக நாள் இருக்கிறது.

அவன் குழுவில் எழுதியிருந்தது இதுதான்: “தங்கச்சி போன அன்னிக்குப் பாடினது. மறுபடி பாடிப் பார்த்தேன், குரல் எழும்பல. அதனால அந்தக் குரலையே வெச்சு மிக்ஸ் பண்ணியிருக்கேன். எங்க குறைன்னு சொல்லுங்க.”

நானும் அந்தக் குழுவில் ஓர் ஓரமாக இருந்தேன். ‘பழைய காது’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் வீட்டு விஷயத்தை ஊர் உலகத்திடம் என்னவென்று கொட்டுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டேன். முதல் சரணம் முடிந்து இரண்டாம் சரணம் தொடங்குவதற்கு முன் அவன் மூச்சு வாங்குகிற ஓர் இடைவெளி வருகிறது. அதில் மத்தளத்துக்கு அடியில், மிக மெல்லிசாக, இரண்டு தட்டல். கொஞ்சம் நிறுத்தி மூன்று தட்டல். தரை வழியாக ஏறி மைக்கில் விழுந்திருக்கிறது. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டும் கேட்கிற அளவு. பாடினவனுக்கே தெரியவில்லை.

அப்படியே விட்டிருந்தால் அது அங்கேயே புதைந்து கிடந்திருக்கும். அவர்கள் விடவில்லை.

“குரல் எங்கேயோ ஒளிஞ்சு நிக்குது. கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வா” என்று எழுதினார் சொத்தைப் பல்.

“மத்தளம் உன் பாட்டுக்கு வந்த விருந்தாளி. வீட்டுக்காரர் மாதிரி நடுக்கூடத்துல உக்காந்திருக்கு. கொஞ்சம் வாசப்பக்கம் போகச் சொல்லு” என்றாள் குக்கர் விசில்.

“வண்டியில போட்டுக் கேட்டேன். கண்ணாடியெல்லாம் ஆடுது. பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சது மட்டும்தான் தெளிவாக் கேட்டுச்சு” என்றார் மூணாவது கியர்.

எல்லோரும் ஒரே பக்கம் இழுத்தார்கள்: குரலை ஏற்று, வாத்தியத்தை இறக்கு. குரலை ஏற்றினால் அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் ஏறும். அதனால் நான் எழுதினேன்: “குரல் போதும். இன்னும் குறைத்தாலும் தகும். மத்தளத்தை ஏற்றவும்.”

“ஐயா, பேருக்கேத்த காதுதான். பஞ்சை எடுத்துட்டு இன்னொரு வாட்டி கேளுங்க” என்று பல் டாக்டர் பதில் போட்டார். கீழே சிரிப்புப் படங்கள். என் மகனும் ஒன்று போட்டிருந்தான். வாயில் விரல் விட்டுப் பிழைக்கிற ஆள் என்னைக் கேலி செய்ய, பெற்ற பிள்ளை சிரிக்கிறான். பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை மிக்ஸ் செய்து போட்டபோது குக்கர் விசில் அந்த யோசனையைச் சொன்னாள்: “ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியத்தையும் நிறுத்திடு, தம்பி. உன் மூச்சு மட்டும் தனியா கேக்கட்டும். கேக்கிறவங்களுக்கு நெஞ்சு அடைக்கணும்.” ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். “அடுத்த வாட்டி அப்படியே பண்றேன், அக்கா” என்றான் மகன்.

வாத்தியம் நின்றால் என்ன கேட்கும் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே எழுதினேன். குழுவின் சட்டப்படி, இடம் சொல்லி எழுதினேன். மொட்டையாக எழுதுவது என் வழக்கமில்லை. “இரண்டாம் சரணத்துக்கு முன் உள்ள இடைவெளியில் வெளிச் சத்தம் விழுந்திருக்கிறது. இரண்டு தட்டல், பிறகு மூன்று. வாத்தியத்தை நிறுத்துவதற்கு முன் அதை வெட்டவும். பாட்டு முடிந்தபின் தரையை ஒட்டினாற்போல மெல்லக் கேட்கும் தட்டலையும் விட்டுவிட வேண்டாம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்றார் பல் டாக்டர். “பழைய காதுன்னு நெனச்சோம், பாம்புக் காதா இருக்கே” என்றார் மூணாவது கியர். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு பேர் கேட்டும் ஒருவர் காதிலும் விழாதது என் காதில் விழுந்ததென்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

மகன் மட்டும் பதில் எழுதவில்லை.

மறுநாள் காலையில் நான் கூடத்தில் மாடிப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மெஷின் மேசை மேல் இருந்தது. பின்னால் யாரோ மூச்சு விடுகிற அளவு சத்தத்தில், “பழைய காது ஐயா” என்றார்கள். நான் திரும்பிவிட்டேன்.

படியின் கடைசியில் மகன் நின்றுகொண்டிருந்தான். மேசை மேல் இருந்த மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ரெண்டும் மூணும் இருக்குப்பா. குரலை மட்டும் தனியா எடுத்துக் கேட்டேன். இருக்கு.”

நான் பேப்பரை மடித்து மேசை மேல் வைத்தேன்.

“தரையை ஒட்டித் தட்டினது இல்ல. கடைசி வரி முடிஞ்ச உடனே நான் மைக்கை நிறுத்திட்டேன். அது பாட்டுலயே கெடையாது. அது உங்களுக்கு மட்டும் எப்படிப்பா கேட்டுச்சு?”

“மெதுவாப் பேசு. ஜன்னல் தொறந்திருக்கு” என்றேன்.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. அவன் அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறைக் கதவின் கொண்டியைக் கழற்ற ஆரம்பித்தாள். உங்கள் மேசை மேல் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதுதான். அதைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. நானே சொல்கிறேன்.

அன்று மத்தியானம் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. பேசி முடித்து, மகளைக் கையோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவளிடம் சொன்னேன். “வரட்டும்ப்பா. அவங்க முன்னாடியே கையைக் காட்டறேன். அவங்க பிள்ளை பண்ணினது, அவங்களே பாக்கட்டும்” என்றாள். நானும் பார்த்தேன் அந்தக் கையை. முழுக்கைச் சட்டை போட்டால் தெரியாத காயம். எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் எங்கேயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாழாவெட்டி என்ற சொல் எங்கள் வாசல் ஏறியதில்லை. அவர்கள் வந்து போகிற வரை இவள் வாயை மூடி வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பழைய ஆல்பத்தை எடுத்துவரச் சொல்லிச் சாமான் அறைக்குள் அனுப்பினேன். போனாள். நான் சொன்னால் போவாள்.

அவர்கள் வந்தார்கள். உடம்பு சரியில்லை, தோழி வீட்டில் இருக்கிறாள், அடுத்த வாரம் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போது தட்ட ஆரம்பித்தாள்.

“யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கே, சம்பந்தி” என்றார் அவர்.

“பையன் மாடியில பாட்டுப் பதியறான். இந்தக் காலத்துல கதவைத் தட்டறதும் தாளம்தான்” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். மேலே இரண்டாம் சரணம் தொடங்கியது.

அவர்களைத் தெருமுனை வரை போய் வழியனுப்பினேன். வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. திரும்பி வந்தபோது தட்டல் தரையை ஒட்டிக் கேட்டது. அப்போது திறந்திருக்கலாமே என்பீர்கள். பிள்ளைகளை எனக்குத் தெரியும், தம்பி. தட்டும்போது கதவைத் திறந்தால், தட்டினால் திறப்பார்கள் என்று பழகிவிடும். அடங்கின பிறகுதான் திறக்க வேண்டும். பள்ளியிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். உட்கார்ந்து காத்திருந்தேன். கடைசியில் அடங்கினாள். நான் சொல்லாமலே அவள் அடங்கியது எனக்கு ஒரு திருப்தியாகக்கூட இருந்தது.

நேற்று ராத்திரி மகன் அந்தப் பாட்டை எல்லா வாத்தியத்தையும் எடுத்துவிட்டுக் குழுவில் போட்டிருக்கிறான். வெறும் குரலும் தட்டலும். பழைய காது யார் என்றும் எழுதியிருக்கிறான். ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை. குக்கர் விசில் மட்டும், “இனிமே இதுல கை வெக்காதே, தம்பி” என்று எழுதியிருக்கிறாள். வீட்டு மானத்தைத் தெருவில் போட்டவன் அவன். அதற்கு உங்கள் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

மகளின் கைப்பையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவள் உறிஞ்சுகிற மருந்து அதில்தான் இருந்தது. அவளை உள்ளே அனுப்புவதற்கு முன்பே எடுத்து என் அலமாரியில் வைத்தேன். போன் அதில் இருந்தது, அதற்காகத்தான் எடுத்தேன். மருந்தும் இருக்கிறதென்று தெரியுமா என்றால், தெரியும். வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அடங்கின பிறகு திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து கிடந்தாள். ஆல்பத்தை மடியில் வைத்திருந்தாள். மறுபடி சாத்தினேன். கொண்டி தானாகத்தான் விழுந்தது. நான் சொன்னதில் அது ஒன்று உண்மை. கைப்பையைக் கூடத்து நாற்காலியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் அம்மா வந்து திறந்தாள்.

கதவைத் திறந்தபோது உள்ளே மூச்சுச் சத்தம் இருந்ததா என்று கேட்கிறீர்கள்.

நான் வயதானவன், தம்பி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.