நான்கு போல்ட்டுகள்

சுவரில் துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் போல்ட்டை இறக்க வேண்டும், ஐயா. நிறைய பேர் ஊதுவதில்லை. நான் ஊதுவேன்.

என் பெயர் சின்னசாமி. ஊர் அடி அண்ணாமலை. கேபிள்காரர்களுக்குப் பெரிய டிஷ் மாட்டிய காலத்திலிருந்து பதினைந்து வருடமாக இதே தொழில். வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்ததும் கம்பெனி, பயிற்சி எடுத்துப் பரீட்சையில் தேறியவன்தான் வேலை செய்யலாம் என்றது. செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்தோம். கேள்வித்தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் தேறவில்லை.

அதைக்கூட விட்டிருப்பேன். பயிற்சி கொடுத்த அருணகிரி என் தாளைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு வயது இருபத்தெட்டு.

"பதினஞ்சு வருஷமா தப்பாவே மாட்டிட்டு இருந்திருக்கான். இவன் போட்ட டிஷ்ஷுக்குக் கீழ யாரும் நிக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மைத்துனன் கோபியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

தேறாதவன் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அருணகிரியே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. வருவார். வீட்டுக்காரர்கள் முன்னால் கைப்பிடிச் சுவர்மேல் ஏறுவார். டிஷ் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து இழுத்துப் பார்ப்பார். இடுப்பில் பெல்ட் மாட்டச் சொல்லிப் பாடம் எடுத்தவர் அவர்தான். அவர் மாட்டி நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் முப்பத்தோரு வீடு. ஒரு கம்பமும் அசையவில்லை. ஒரு வீட்டிலும் அவர் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று வரவில்லை.

வேங்கிக்காலில் கனகாம்பாள் அம்மா வீடு மூன்று மாடி. அங்கே மாட்டியபோது நான்கு போல்ட்டையும் விரல் நக அளவுக்கு வெட்டி, தலையை மட்டும் வெள்ளை சிமென்ட்டில் பதித்தேன். காற்றுக்குத் தாங்கும், ஆளுக்குத் தாங்காது. என் வீட்டு மாடியில் மணல் மூட்டையைக் கட்டி இழுத்து மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். படம் தெளிவாக வந்தது. அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார்.

"பெல்ட் போட்டுக்குங்க சார்" என்றேன்.

"ஏன், உன் வேலை மேல உனக்கே நம்பிக்க இல்லியா?" என்று சிரித்துவிட்டுச் சாய்ந்தார்.

கம்பத்தோடு கீழே போனார். அவர் சம்சாரம் வள்ளி, ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தபோது நான்தான் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

என்மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்களும் விபத்து என்று மூடிவிட்டீர்கள். நேற்று கம்பெனி விசாரணை அறிக்கையைக் கோபி படித்துக் காட்டினான். நீளம் போதாத போல்ட், வேலை தெரியாதவர் செய்த தவறு என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதும் அவன் சிரித்தான்.

அதற்காகத்தான் வந்தேன், ஐயா. தூக்கில் போடுங்கள், அது உங்கள் வேலை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுச் சரியாக எழுதச் சொல்லுங்கள். நான் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து வெட்டினேன். அவர் செத்தது என் வேலை சுத்தமாக இருந்ததால்தான்.