தட்டில் விதைத்த மாத்திரை

முட்டைக்கோஸ் விதையை ஊறப்போட வேண்டியதில்லை. நிறையப் பேர் அங்கேதான் தப்புச் செய்கிறார்கள். பயறு, வெந்தயம் மாதிரி நினைத்துக்கொண்டு முந்தின நாளே தண்ணீரில் போட்டுவிடுவார்கள். தென்னைநார்த் தூளைத் தட்டில் பரப்பி, ஈரமாக்கி, மேலே தூவினால் போதும். எனக்கு நார்த்தூள் வடகரையிலிருந்து வருகிறது. ஒரு வாரம், பத்து நாளில் இரண்டு இலை விரித்து நிற்கும். கத்தரிக்கோலால் அடியில் நறுக்கி, கழுவி, பச்சையாகவே சாப்பிடலாம்.

நீங்கள் கேட்டது மாத்திரையைப் பற்றி என்பது தெரிகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். அதற்குத்தான் வருகிறேன். தட்டும் மாத்திரையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

என் பெயர் டாக்டர் வல்லிநாயகம். டாக்டர் பட்டம் மதுரையில் ஒரு ஓட்டல் அரங்கில் வைத்துக் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் உள்ள என் வீட்டு மாடியில் முட்டைக்கோஸ் மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கத் தொடங்கினேன். அந்தப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் 'இளந்தளிர்' என்று நானே பெயர் சூட்டினேன். முற்றிய கோஸில் இருப்பதைவிட இந்தப் பிஞ்சில் சத்து செறிவாக இருக்கிறது. வைட்டமின் சி உண்டு, ஈ உண்டு, கண்ணுக்கு வேண்டியது உண்டு. வைட்டமின் கே ஏராளம். காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு உதவுவது அதுதான். என் வீட்டு வாசல் பலகையிலேயே அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவும் என்னிடம் வாங்குகிறார்கள். வயிறு இப்போது தவறாமல் போகிறது என்றார்கள். விசாரணைக்கு அது தேவைப்படாது.

என் மனைவி லோகநாயகிக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றிச் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாலையில் ஒரு மாத்திரை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளை அடுப்படிப் பக்கமே நான் விடவில்லை. சமையல் நான், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான். பக்கத்து வீட்டு சைதூன் பீவி சுவருக்கு மேலாகச் சொல்லுவார்கள்: "மயினி, ஒங்களுக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்? எங்க வீட்டு மனுசன் வெந்நி வைக்கச் சொன்னா சட்டியைத் தீச்சிருதாரு."

எங்கள் நலவாழ்வு மன்றக் கூட்டத்தில் ஒருநாள் நான் அறிவித்தேன். இளந்தளிரைக் கொண்டே என் மனைவியை மாத்திரையிலிருந்து விடுவித்து, சாரல் காலத்து ஆண்டு விழாவில் மேடையேற்றுவேன் என்று. பெரிய கைதட்டல். மன்றத் தலைவர் நம்பிராஜன், பட்டாளத்திலிருந்து வந்தவர், எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அதன்பின் எல்லோரும் மாநில எல்லையில் இருக்கிற பார்டர் கடைக்குப் புரோட்டா சாப்பிடப் போனோம். நம்பிராஜன் சால்னாவின் மேல் என் தளிரைத் தூவிக்கொண்டு, "அண்ணாச்சி, சத்து சால்னாவுக்கும் எறங்கிரும்லா?" என்று கேட்டார். இறங்கும் என்றேன்.

லோகநாயகி தினமும் இரண்டு கைப்பிடி சாப்பிட்டாள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் இரத்தம் உறைகிற அளவு சரியில்லை. டாக்டர் அனுசியா, சின்னப் பெண், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னோம்.

"சார், மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, இந்தக் கீரை மறுபக்கம் இழுக்குது. உடனே நிறுத்துங்க. வால்வுல ரத்தம் கட்டிச்சுன்னா மூளைக்குப் போயிரும்."

"நானும் டாக்டர்தான்" என்றேன்.

"எதுல, சார்?" என்றாள்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சின்னப் பெண். 'சார்' என்று சொன்னதைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே லோகநாயகி தளிரைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். நானும் கட்டாயப்படுத்தவில்லை. கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரையோடு சேர்த்தேன். துவையலில் அரைத்தேன். அடை மாவில் கலந்தேன். "ஏங்க, சோத்துல கடுகு காந்துன மாதிரி ஒரு காரல் இருக்குது" என்பாள். முருங்கை முற்றல் என்பேன். பச்சையாகச் சாப்பிட்டால்தான் முழுப் பலன் என்பதால் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அளவு சரிக்கு வரவில்லை. காரணம் புரியாமல் அனுசியா மாத்திரையைக் கூட்டினாள். பிறகு அளவு சரியானது, லோகநாயகி தெளிவாக நடமாடினாள். அந்தத் தெளிச்சி தளிரால் வந்தது. எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொல்ல முடியாத நிலை.

ஆண்டு விழா குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியே சாரல், உள்ளே பொன்னாடை. எனக்கு 'இளந்தளிர்ச் செம்மல்' என்று பட்டம். அடுத்து லோகநாயகியை மேடைக்கு அழைத்தேன். என்ன சொல்லவேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. பொய் சொன்னா திக்கும். டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே அந்தக் கீரையை விட்டுட்டேன். மாத்திரையை மட்டும் தவறாமப் போடுதேன், நல்லா இருக்கேன். எங்க வீட்டுக்காரவுக நல்லாச் சமைப்பாக."

மண்டபம் சிரித்தது. நம்பிராஜன் முன்வரிசையிலிருந்து, "அண்ணாச்சி, பேசாம அந்த மாத்திரையவே தட்டுல வெதைச்சிருங்க" என்றார். பொன்னாடையோடு நின்று நானும் சிரித்தேன்.

அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு உண்மை தெரியாது, அவ்வளவுதான். உண்மையை நிரூபிக்க ஒரே வழி இருந்தது. மாத்திரை இல்லாமலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். இருந்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, இத்தனை நாளும் இவள் உண்டது இளந்தளிர் மட்டுமே என்று சொல்லலாம். மருந்துக்கடையில் அதே அளவில் வெள்ளையாக ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. அதை டப்பாவில் மாற்றி வைத்தேன். எடுத்த மாத்திரைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நம்பிராஜன் சொன்னது நினைவுக்கு வந்தது. நார்த்தூளுக்குள் புதைத்துவிட்டேன். உங்கள் காவலர் தோண்டி எடுத்தாரே, அந்தத் தட்டில் முளை கொஞ்சமும் குறையவில்லை. கவனித்திருப்பீர்கள்.

சத்து மாத்திரையை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போடுவாள். இது வைத்தீஸ்வரன் குடுத்த உயிரு என்பாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. உடம்பு நஞ்சை வெளியேற்றுகிறது என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள்.

அன்று காலை சுரண்டையிலிருந்து ஒரு மகளிர் குழு தட்டுகளைப் பார்க்க வந்திருந்தது. மாடியில் வைட்டமின்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கீழே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். லோகநாயகி அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. "மா... மா..." என்றாள். மாத்திரை கேட்கிறாள் என்று புரிந்தது.

சைதூன் பீவி ஓடிவந்தார்கள். "அண்ணாச்சி, மயினிக்கு வாய் கோணுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். மாடியில் விருந்தாளிகள். வாசலில் பலகை. அதன் முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சைதூன் பீவி தாமாகவே போன் செய்ததும், அது வந்து நின்றதும், சுரண்டைப் பெண்கள் அதைக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும்.

அது வருவதற்குள் நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அப்போதுதான் நறுக்கியது ஒரு கிண்ணம் இருந்தது. பச்சையாக. மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைத் தள்ளினாள். பழைய பிடிவாதம். தொண்டையில் பச்சையாக அடைத்திருந்தது என்று மருத்துவமனையில் எழுதியிருக்கிறார்களாம். முட்டைக்கோஸ் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஆமாம் மேடம், மாத்திரையை மாற்றியது நான்தான். சோற்றில் கலந்தது நான்தான். கதவைச் சாத்தியதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிண்ணத்தில் பாதி அப்படியே மிச்சம் இருந்தது. முழுக்கச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். என்ன செய்வது, நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்.