வாசித்ததும் அழிந்த செய்திகள்

வாழைச்சேனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள். மடிக்கணினி வைத்திருந்தவன் சொன்னான்:

“சும்மா பாப்பம் எண்டுதான் எடுத்தன் மச்சான். எல்லாம் போயிட்டு.”

“என்ன போனது?”

“கிளினிக் திகதி மாறின மெசேஜ். தாய்மாருக்கு அனுப்ப சேர்வரில வரிசையா நிண்டது. கட்டளை அடிச்சு வாசிச்சன். வாசிச்சதெல்லாம் அனுப்பியாச்சு எண்டு நினைச்சு சேர்வர் அழிச்சிட்டு.”

“வாசிச்சிட்டுத் திருப்பி வரிசையில வைக்கச் சொல்லல்லையா?”

“மறந்திட்டன்டா.”

“நல்ல இஞ்சினியர்தான் நீ. ஸ்கிரீன்ல நம்பர் கிடக்கா?”

“ஓம், கிடக்கு.”

“அப்ப ஒவ்வொருத்தருக்கா கோல் எடு. இல்லாட்டி நாளைக்குப் புள்ளைகளத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில நிப்பாங்க.”

அவன் எடுக்கத் தொடங்கினான். “அக்கா, நாளைக்குக் கிளினிக் இல்ல...”

நாளை என் மகளுக்கும் கிளினிக். எந்த ஊர்க் கிளினிக் என்று கேட்டிருக்கலாம். அவர்கள் வந்தாறுமூலையில் இறங்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன், அது அடிக்கவில்லை.