மிச்சக் காற்று

பயந்தவன் அதிகமாகக் காற்றுக் குடிப்பான், சார். இந்த அறையிலேயே நீங்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள்.

என் பெயர் ஜெகபர் அலி. துபாயில் பத்தொன்பது வருடம் கப்பல்களின் அடியில் பாசி சுரண்டினேன். நெஞ்சு வேகமாக அடித்தால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் முதுகில் கட்டிய காற்றுச் சிலிண்டர் சீக்கிரம் தீரும். அதனால்தான் என் மைத்துனன் உபைதுல்லாவுக்கு நெஞ்சில் ஒரு பட்டையும் கையில் ஒரு வாட்சும் கட்டிவிட்டேன். நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று அந்த வாட்ச் காட்டும்.

உபைதுல்லா என் மனைவி ஷம்சாத்தின் தம்பி. திருவாரூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். தண்ணீர் என்றாலே அவனுக்குப் பயம். அக்காவுக்காகத்தான் டைவிங் கற்றுக்கொள்ள வந்தான்.

எங்கள் மகன் ஜாஹித் போன வருடம் ஆடி மாதம் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு தரங்கம்பாடியிலிருந்து ஃபைபர் படகில் போனான். படகு முங்கிவிட்டது. மற்ற இருவரும் நீந்தி வந்தார்கள். இவன் கிடைக்கவில்லை. ஷம்சாத் தூக்கத்தை விட்டாள். "எலும்பாவது கொண்டாங்க. அடக்கம் பண்ணி நீங்க மூணு புடி மண்ணு போட்டுட்டு வந்து சொன்னீங்கன்னா நான் தூங்கிடுவேங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

வலை அடிக்கடி மாட்டுகிற இடம் ஒன்றைக் காட்டி, படகு அங்கேதான் கிடக்கும் என்றார்கள் மீனவர்கள். பத்துப் பாகம், அறுபது அடி ஆழம். எங்கள் தொழிலில் தனியாக இறங்கக் கூடாது. ஒருவருக்குக் காற்று குறைந்தால் இருவருமே ஏறிவிட வேண்டும். நான் விதி மீறுகிறவன் இல்லை, சார்.

பாபநாசம் பக்கம் நடராசன் என்கிற விவசாயியின் பம்புசெட்டுத் தொட்டியில் அவனைப் பழக்கினேன். முங்கி உட்கார்ந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே மூச்சை மெல்ல விட வேண்டும். "என்ன பாய், எருமையாட்டம் ஊறுறீங்க" என்று நடராசன் சிரிப்பார். தொட்டியில் அவன் துடிப்பு எழுபத்திரண்டு வரைக்கும் இறங்கியது. கடலில் நூற்று முப்பதுக்குப் போய்விட்டது. "மச்சான், தொட்டியில வெச்ச நெஞ்ச எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்றான். நல்ல பிள்ளை. ஐந்து தடவை இறங்கினோம். ஐந்து தடவையும் அவனுக்குக் காற்று தீர்ந்து, முங்கிய படகை எட்டுவதற்கு முன்பே மேலே வந்தோம். ஐந்தாவது நாள் வரும்போது, "அக்கா மூஞ்சில எப்புடி முழிப்பேன்" என்று அழுதான்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அது கடைமடை வந்து கடலில் விழுந்தால் தண்ணீர் கலங்கி அடியில் கை தெரியாது. நாள் இல்லை.

ஷம்சாத் படபடப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. "வீசிங் இருக்குறவங்க இதைத் தொடவே கூடாதும்மா" என்று டாக்டர் அவளிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். உபைதுல்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டான். டைவிங் படிவத்தில் வீசிங் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியது என் கைதான்.

ஆறாம் நாள் காலை ஃபிளாஸ்க் டீயில் நாலு மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். கசப்புத் தெரியாமலிருக்க இஞ்சி தட்டிப் போட்டேன். "ஒங்க கைப்பக்குவமே தனி மச்சான்" என்று இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அன்றைக்கு அடியில் அவனுக்கு ஐம்பத்துநாலு. அவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததில்லை. காற்றும் மெல்லத்தான் இறங்கியது. இருபதாவது நிமிடம் என் தோளைப் பிடித்தான். கட்டைவிரலை மேலே காட்டினான். ஏற வேண்டும் என்று அர்த்தம். அவன் விடுகிற குமிழிகள் சிறுத்திருந்தன. மூச்சை உள்ளே இழுக்க முடியாதவனுக்குத்தான் அப்படி வரும். எதிரே மணலில் ஜாஹித் போன படகின் பச்சை மூக்கு தெரிந்தது. அவன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சை அவனுக்கே காட்டினேன். ஐம்பத்துநாலு, உனக்கு ஒன்றுமில்லை. அவன் தலையாட்டினான். மச்சான் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை அவனுக்கு.

எட்டு நிமிடம் படகுக்குள் மணலை அள்ளினேன். நண்டுகள் இருந்தன. என் பிள்ளை இல்லை. ஒரு வருடம் கழித்து உப்புத் தண்ணீரில் எதுவும் மிஞ்சாது என்பது எனக்கு முன்பே தெரியும், சார். துபாயில் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது உபைதுல்லா நான் விட்ட இடத்திலேயே மூச்சில்லாமல் கிடந்தான்.

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து ஷம்சாத்திடம் சொன்னேன். அவள் தூங்கவில்லை. அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த அட்டையைத்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கலந்தது நான். விரலைக் காட்டியதையும் பார்த்தேன், குமிழிகளையும் பார்த்தேன். விட்டுவிட்டுப் போனதும் நான்தான். ஆனால் அவன் பயந்து சாகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஷம்சாத்துக்கு ஆறுதலாக இருக்கும். சந்தேகமிருந்தால் அந்தச் சிலிண்டரைப் பாருங்கள், சார். பாதிக்கு மேல் காற்று மிச்சம் இருக்கிறது. என்னிடம் கற்றுக்கொண்ட யாரும் இவ்வளவு மிச்சம் பிடித்ததில்லை.