மூணாவது வருஷத்து ரதி

சிரிச்சிருங்க சார், பரவால்ல. ஒபீஸ்ல டை கட்டிக்கிட்டு கொம்பியூட்டர் ரூம்ல உக்காந்திருக்குற ராமச்சந்திரன், இங்க மூஞ்சி பூரா மஞ்ச அரிதாரத்தோட, சேல கட்டி, வளையல் போட்டுக்கிட்டு பாயில உக்காந்திருக்கான். யாருக்குத்தான் சிரிப்பு வராது? நீங்கதான் சிரிக்க மாட்டேங்குறீங்க.

உக்காருங்க. இவரு மூக்கையா வாத்தியாரு, எங்க தோட்டத்துக் காமன் கூத்துக்கு எல்லாமே இவருதான். வாத்தியாரே, இவங்க எங்க பெரியவங்க, இராசநாயகம் சார். எனக்கு புரோகிராம் எழுதப் பழக்கிக் குடுத்தவங்க. புருவத்த அப்பறமா எழுதலாம், சாருக்கு ஒரு பிளேன்டீ சொல்லிட்டு வாங்க.

போயிட்டாரு. சொல்லுங்க... இல்ல இல்ல, இருங்க, நானே சொல்றேன். சம்பளப் புரோகிராம் நின்னுருச்சு, அதான? எனக்குத் தெரியும். கடன் கழிக்கிற எடத்துலதான் சிக்கியிருக்கும். அந்த எடத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாப் போதும், கீழ உள்ளது அம்புட்டும் பாழாப் போயிரும். ஓட்ட போட்ட அட்டக் காட்ட வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. நாளன்னைக்கி வந்து நான் சரிபண்ணித் தாறேன்.

அதுக்காக வரலையா? சரி. சரி, அப்பறம் பேசுவோம். காரக் கொண்டாந்து ஏன் சார் அங்க பலாமரத்துக்கிட்டயே நிப்பாட்டிட்டீங்க? காமன் பொட்டலு வரைக்கும் ரோட்டு இருக்கே.

இந்தக் கையப் பாருங்க. இந்த மஞ்சக் கயிறுதான் காப்பு. கட்டினா கூத்து முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டப்படாது. தமயந்திக்கு நெஞ்சுல ஓட்டன்னு டொக்டர் சொன்ன அன்னைக்கே நேந்துக்கிட்டேன், மூணு வருஷம் ரதி வேசம் கட்டுறேன், எம்புள்ளய எனக்குக் குடுன்னு. இது மூணாவது வருஷம். காப்பக் கட்டி நாலு நாளு போகல, ஒப்பரேசன் தேதிய முன்னுக்குக் கொண்டாந்துட்டாங்க. நான் கயித்த அறுத்துப் போட்டுட்டு வாறேன்னுதான் சொன்னேன் சார். பவளம்தான் விடல. இங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு நீங்க என்னா செய்யப் போறீங்க, அங்க நின்னா சாமியாச்சும் பாக்கும்னு போன்ல அழுதா. எம்பொஞ்சாதி அழுதான்னுதான் கயித்த அறுக்காம விட்டேன்.

நேத்து காலையில ஒப்பரேசன். உள்ளுக்குக் கொண்டுபோறப்ப நர்ஸ் மிஸ்ஸி பய வென்ன எப்பா, பய வென்ன எப்பான்னு சிங்களத்துல சொல்லி, புள்ளைக்குத் தலையத் தடவிக் குடுத்தாங்களாம். பயப்படாதன்னு. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். பொறவு மழ அடிச்சு தோட்ட ஒபீஸ் போனு செத்துப்போச்சு.

இருங்க சார். இருங்கன்னேன்ல! மன்னிச்சுக்குங்க, சத்தம் போட்டுட்டேன். கொஞ்சம் என்னப் பேச விடுங்க.

ஓட்ட போட்ட காட்ட மெசினுக்குள்ள விடுறோம். ஒரு ஓட்ட எடம் மாறி விழுந்துருச்சுன்னா அந்தக் காட்டத் தூக்கிப் போட்டுட்டு வேற காட்டு அடிக்கிறோம். அம்புட்டுத்தான். ராவு பகலா அதச் செஞ்சு பழகினவன் சார் நான். எம்புள்ளைக்கி ஒரு ஓட்ட, அத என்னால ஒண்ணும் செய்ய முடியல. அதான் இங்க வந்து விழுந்தேன். நேத்திக்கடனும் புரோகிராம் மாதிரித்தான்னு நெனச்சேன். நான் இதச் செஞ்சா நீ அதச் செய். பாயில படுக்கல, தரையிலதான் படுத்தேன். கவிச்சி தொடல. பொஞ்சாதி பக்கம் போகல. ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்குறேன் சார், எங்கயும் பிழ இல்ல. மெசினுன்னா எந்த வரியில பிழன்னு பேப்பர்ல அடிச்சுக் குடுக்கும். சாமி அதக்கூடச் சொல்லாது.

ஞாபகம் இருக்கா, ஒரு சனிக்கெழம தமயந்திய ஒபீஸுக்குக் கூட்டியாந்தேன். பிரிண்டர் போட்ட சத்தத்துக்குக் கைகொட்டிக் குதிச்சா. அவ பேர நட்சத்திரம் நட்சத்திரமா அடிச்சு ஒரு முழ நீளத்துக்குக் குடுத்தேன். பேப்பர வீணாக்குறியான்னு ஏசினீங்க. கொஞ்ச நேரங்கழிச்சு நீங்களே வந்து, உங்க மக ஞானாம்பிகை பேர்லயும் ஒண்ணு அடிக்கச் சொன்னீங்க. அன்னைக்கி நான் சந்தோசமா இருந்தேன் சார். தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து, அப்பாவோட ரப்பர் மலையில பால் வாளி தூக்கின பய, மெசினுகிட்ட சொல்லி எம்மக பேர எழுத வச்சேன். இதுக்கு மேல எனக்கு என்னா வேணும்னு நெனச்சேன். நெனச்சிருக்கக் கூடாதோ என்னமோ.

அழுவாதீங்க சார். நீங்க அழுதா வாத்தியாரு கண்டுபுடிச்சிருவாரு.

கொஞ்ச நேரத்துல தப்பு அடிக்க ஆரம்பிச்சிருவாங்க. சிவன் காமன எரிப்பாரு, ரதி நடுப்பொட்டல்ல விழுந்து பெரண்டு அழணும். மொத ரெண்டு வருஷமும் எனக்கு அழுகையே வரல. கணக்கப்புள்ள மாதிரி அழுவுறியேடான்னு வாத்தியாரு எல்லாரு முன்னாலயும் ஏசினாரு. மூணாம் நாளு காமன எழுப்பிருவாங்க, எழும்பிருவான்னு தெரிஞ்சுதான அழுவுறோம், பொறவு எப்பிடி வரும்? இந்த வருஷம் ஏச மாட்டாரு.

நீங்க அந்த வளவுல திரும்பயிலேயே பாத்துட்டேன் சார். பின்சீட்டுல பவளம் இருக்கா. மத்த நேரமா இருந்தா, கார் நிக்கிறதுக்கு முன்னாடியே கதவத் தொறந்துக்கிட்டு ஓடியாந்திருப்பா. எறங்கல. சாவு வீட்டுத் தீட்டோட காமன் பொட்டல்ல கால் வைக்கப்படாதுன்னு அவளுக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துல பொறந்தவதான.

அதனால நீங்க இப்ப சொல்லாதீங்க. காதுல விழுற வரைக்கும் எனக்குத் தீட்டு இல்லம்பாங்க. விழுந்துட்டா காப்ப அறுத்து, வேற ஒருத்தனுக்குச் சேலயக் கட்டி விட்டுருவாங்க. எனக்கு இன்னைக்கி அழணும் சார். ஆம்பள வாய் விட்டு அழ இங்க வேற எடம் இல்ல. அழுது முடிச்சுட்டு நானே பலாமரத்துக்கு வாறேன். அப்ப சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

வாத்தியாரு வாறாரு. கண்ணத் தொடச்சிக்கிட்டு டீயக் குடிங்க. கேட்டா சம்பளப் புரோகிராம் நின்னுருச்சுன்னு சொல்லுங்க. பொறவு போயி அந்தக் கார் கண்ணாடிய மட்டும் எறக்கி விட்டுருங்க. நான் அழுவுறது அவளுக்குக் கேக்கணும்.