காணும் என்றால் காணும்

ஐயா, இந்தக் கதிரையைக் கொஞ்சம் யன்னல் பக்கம் தள்ளிப் போடலாமா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருக்க வராது. நடந்துகொண்டு சொன்னால்தான் கோர்வையாக வரும். நீங்கள் எழுதுங்கள், நான் நடக்கிறேன். வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள், நிற்பேன்.

திடீர் மரண விசாரணைக்கு உங்களைப் போன்ற ஒரு பொறுமையான மனிதர் வந்தது நல்லது. ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள். பாவம் மாஸ்ரர், தன் கண்முன்னாலேயே ஒரு பெடியனைச் சாகக் கொடுத்தார் என்கிறார்கள். நான் பாவம் இல்லை. தம்பிஐயாதான் பாவம். அவனைப் பிடித்து உள்ளே வைத்த நாளிலிருந்து அவன் ஒரு வாய் சோறு தொடவில்லையாம். நான்தான் யாகப்புவைக் கொன்றேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த மேடையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கதிரவேலு, அரியாலை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியன். இளவயதில் குத்துச்சண்டை செய்தவன். ஒருமுறை யாழ்ப்பாணத்தில் ஒரு கார்னிவலில் எனக்குப் பந்தயம். என் மூலையில் உதவிக்கு நின்றவர் என் சொந்த அண்ணை. இரண்டாம் சுற்றில் மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. கொஞ்சம்தான். அண்ணைக்கு மனம் பொறுக்கவில்லை, தோல்வி என்று, முகம் துடைக்கிற துவாயை மேடைக்குள் எறிந்துவிட்டார். அது நிலத்தில் விழுந்திருந்தால் பரவாயில்லை. என் தலையில் விழுந்து முகத்தை மூடிவிட்டது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் நான் துவாய்க்குள் நின்றுகொண்டே காற்றில் இரண்டு குத்து விட்டேன். சனம் சிரித்த சிரிப்பில் கூடாரம் பறக்கப் பார்த்தது.

அன்றையிலிருந்து எனக்குத் துவாய் என்று பெயர். வாத்தியார் ஆனபிறகு துவாய் மாஸ்ரர். மீன் விற்கிறவர், பஸ் கொண்டக்டர், என்னிடம் படித்துக் கலியாணமும் முடித்தவர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். என் மனைவி குணலட்சுமி துவாய் மாஸ்ரரின்ரை மனிசி. அண்ணை இப்போது கனடாவில் இருக்கிறார், நாங்கள் கதைப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? உங்களுக்கும் ஒன்று இருக்கிறது, கேட்டிருக்கிறேன். அது இப்போது வேண்டாம்.

இந்தியன் ஆமி போய் ஒரு மாதமும் ஆகியிருக்கவில்லை. சித்திரை வருசம் வந்தது. அந்த நாட்களில் சனம் வீட்டில் தங்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதே அந்தரம்தான். எங்கள் விளையாட்டுக் கழகத்தில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. கராத்தே பெரிதா, குத்துச்சண்டை பெரிதா, மல்யுத்தம் பெரிதா, எங்கள் ஊர்ச் சீனடி பெரிதா? ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கத்துவதை விட்டு நாலையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்ப்போம் என்றேன். விதிகளையும் மேடையையும் நானே செய்கிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

ஐயா, இதில் நான் எவ்வளவு யோசித்தேன் என்று யாருக்கும் தெரியாது. நாலு மூலை வைத்தால் குத்துச்சண்டைக்காரனுக்கு வாய்ப்பு, மல்யுத்தக்காரனுக்குக் கஷ்டம். அதனால் வட்டம். நிலத்தில் மணல் போட்டால் சீனடிக்காரனின் கால் புதையும். அதனால் பனஞ்சலாகை அடித்து, மேலே வைக்கல் பரப்பி, அதற்குமேல் படங்குச் சீலையை இழுத்துக் கட்டினோம். சுற்றிவரக் கயிறு கட்டினால் ஆட்கள் வெளியே விழுந்து கழுத்தை முறிப்பார்கள். அதனால் வலை. ஆளுயரத்துக்குமேல் வலை. மேலேயும் வலையால் மூடினேன், காகம் எச்சம் போடக்கூடாது என்பதற்காக. வலைக்கும் சனத்துக்கும் நடுவில் நாலு ஆள் நீளத்துக்கு வெறும் நிலம் விட்டு, சனத்தின் பக்கம் ஒரு கயிறு கட்டினேன். உள்ளே போட்டிக்காரர் இருவர், மத்தியஸ்தராக நான். எங்கள் மூவரைத் தவிர ஒரு குஞ்சும் கிட்ட வரமுடியாது.

வலை தந்தவன் யாகப்பு. குருநகர்ப் பெடியன், கடலுக்குப் போகிறவன், குத்துச்சண்டையில் அவனை வெல்ல ஆளில்லை. முதல் குத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பழைய வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, தானே நின்று கட்டியும் தந்தான். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“மாஸ்ரர், ஒருத்தனுக்கு ஏலாமப் போனா என்ன செய்யிறது? துவாய் எறியலாமோ?”

வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து சிரித்தார்கள். அவன் ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டான். நான் பலமுறை யோசித்துப் பார்த்து அந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறேன்.

“இந்த மேடையிலை துவாய் இல்லை” என்றேன். “வெளியாலை நிக்கிற ஒருத்தரும் நிப்பாட்டேலாது. தோத்தவன் தன்ரை வாயாலை சொல்லவேணும்.”

“என்னெண்டு சொல்லுறது?”

சீனடி பழக்குகிற ஏரம்பு அண்ணாவியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “காணும் எண்டு சொன்னாக் காணும்” என்றார்.

“சோத்துக்குச் சொல்லுற மாதிரியோ?” என்றான் யாகப்பு. “அண்ணாவியார், நான் சோத்துக்கே காணும் எண்டு சொன்னதில்லை. எங்கடை பெர்னடெட்டைக் கேட்டுப் பாருங்கோ.”

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. சோறு போடும்போது போதும் என்று இலைக்குமேல் கையை வைத்துச் சொல்கிற சொல், அதை மறக்க யாராலும் முடியாது. பிறகு அண்ணாவியார்தான் ஒரு சந்தேகம் கேட்டார். “தொண்டையைப் பிடிச்சிருக்கேக்கை காணும் எண்டதும் காணாது எண்டதும் ஒரேமாதிரியெல்லோ கேக்கும்? பாதியிலை நிண்டா என்னெண்டு எடுக்கிறது?” நியாயமான சந்தேகம். முழுச்சொல்லும் என் காதில் விழுந்தால்தான் நிறுத்துவேன் என்று விதி செய்தேன். அந்த இடத்தில் நின்ற எல்லாரும் சம்மதித்தார்கள், யாகப்புவும்.

போட்டியன்று பின்னேரம் கடற்கரை வெளி நிறைந்து வழிந்தது. முதல் இரண்டு பந்தயமும் நான் நினைத்தது போலவே நடந்தன. கராத்தேப் பெடியன் யாகப்புவிடம் விலாவில் வாங்கிக்கொண்டு முனகினான், ‘காணும்’. நான் உடனே கையைத் தூக்கினேன். அண்ணாவியாரின் மாணவன், மல்யுத்தக்காரன் தம்பிஐயாவின் பிடியில் கிடந்து சொன்னான். மூச்சளவுதான் சத்தம் வந்தது. அதையும் பிடித்தேன். சனத்துக்கும் விளையாட்டு விளங்கிவிட்டது. ஒருவன் கீழே விழுந்தால் முழு வெளியும் ‘காணாது, காணாது’ என்று கத்தத் தொடங்கியது. கெட்ட எண்ணம் இல்லை, கூத்துப் பார்க்க வந்தவர்கள் இன்னும் கேட்பார்களே, அந்த மாதிரி.

கடைசிப் பந்தயம் யாகப்புவுக்கும் தம்பிஐயாவுக்கும். தம்பிஐயா மீசாலையில் தோட்டம் செய்கிறவன். உடம்பு மலை, மனம் பச்சைப்பிள்ளை. வலைக்குள் வந்ததும் யாகப்புவைக் கும்பிட்டு, “அண்ணை, நோகப்பண்ணினா மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றான்.

நான் ஒலிவாங்கியில் விதிகளைச் சொல்லி முடித்து, அதை வெளியே கொடுக்கப் போனேன். அப்போது யாகப்பு அதற்குக் கிட்ட வந்து, “மாஸ்ரர், முகம் துடைக்க உங்கடை துவாயை ஒருக்காத் தாருங்கோவன்” என்றான். ஒலிபெருக்கி அதைச் சங்கிலியன் தோப்புவரைக்கும் கொண்டுபோயிருக்கும். முழு வெளியும் சிரித்தது. சிறுவர்கள் துள்ளித் துள்ளிச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி இருந்தாள், அவளும் சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். நானும் சிரித்தேன். என் தோளில் கிடந்த சின்னத் துவாயை எடுத்துக் கொடுத்தேன், அவன் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தான், நன்றியும் சொன்னான். இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக நீங்கள் எழுதவேண்டாம். நான் கேலியைத் தாங்கிப் பழகியவன்.

தொடக்கத்தில் யாகப்புவின் கைதான் ஓங்கியது. தம்பிஐயாவின் புருவம் கிழிந்தது. பிறகு தம்பிஐயா அவன் இடுப்பில் புகுந்து தூக்கி, வலையோரத்தில் போட்டு, பின்னாலிருந்து முழங்கையைக் கழுத்தில் கொடுத்தான். யாகப்புவின் விரல்கள் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டன. நான் முழந்தாளிட்டு அவன் வாய்க்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனேன். அதுதான் என் வேலை.

சனம் ‘காணாது, காணாது’ என்று கத்திக்கொண்டிருந்தது. தம்பிஐயாவுக்கு அந்த இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. பிடியை இறுக்காமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

“மாஸ்ரர், சொல்லிப்போட்டாரோ?”

“இல்லை” என்றேன். “காணாது எண்டுறான்.”

தம்பிஐயா நம்பினான். மாஸ்ரர் சொன்னால் அவன் நம்புவான். கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினான்.

யாகப்புவின் மனைவி பெர்னடெட் கயிற்றுக்குக் கீழால் குனிந்து வந்து, அந்த வெறும் நிலத்தில் ஓடி வந்தாள். அவள் கையில் ஒரு துவாய். அவளுக்கு விதி தெரியும், இருந்தும் எறிந்தாள். வலையில் பட்டு வெளிப்பக்கமே விழுந்தது. எடுத்துத் திரும்ப எறிந்தாள், அதுவும் விழுந்தது. வலை அதற்காகக் கட்டப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நன்றாகத்தான் வேலை செய்தது. “மாஸ்ரர், விடச்சொல்லுங்கோ, உங்களைக் கும்பிட்டன், விடச்சொல்லுங்கோ” என்று வலையைப் பிடித்து உலுப்பினாள். வெளியிலிருந்து யாரும் நிறுத்தமுடியாது என்பதுதான் விதி. அவளுக்காக ஒரு விதி, மற்றவர்களுக்காக ஒரு விதி என்று நான் நடக்கமுடியுமா?

யாகப்புவின் உடம்பு தளர்ந்தபோதுதான் நான் கையைத் தூக்கினேன். தம்பிஐயா உடனே விட்டுவிட்டு அவனைத் திருப்பிப் போட்டு, “அண்ணை, எழும்புங்கோ, அண்ணை” என்று கன்னத்தில் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். குரல்வளை உடைந்திருந்ததென்று டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். எல்லாரும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அண்ணாவியார் என் வீட்டுக்கு வந்து, “நான் அப்பவே சொன்னனான், ரெண்டும் ஒரேமாதிரித்தான் கேக்கும், உன்னிலை பிழையில்லை தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றிவர அந்தச் சத்தம், அதுக்குள்ளை யாருக்குத்தான் கேட்கும் என்கிறார்கள். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள், தேத்தண்ணியை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறாள். நான் பேசாமல் இருந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். தம்பிஐயாவையும் கொஞ்ச நாளில் விட்டிருப்பார்கள். அவன்தான் தன்னை விட்டிருக்கமாட்டான். அதனால் அவனுக்காக வந்தேன். அவனிடம் போய்ச் சொல்லுங்கள், மாஸ்ரர் பொய் சொன்னார் என்று. சாப்பிடச் சொல்லுங்கள்.

எனக்கும் நித்திரை இல்லை ஐயா. முற்றத்தில் நடக்கிறேன், ஒழுங்கையில் நடக்கிறேன். நேற்றுக் காலை சந்தைக்குப் போனேன். என்னைக் கண்டதும் மரக்கறி விற்கிற மனிசி பக்கத்துக் கடைக்காரியிடம் மெல்லச் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது. “உதுதான் அந்தச் செவிட்டு மாஸ்ரர்.” இவளும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக்காசைத் தரும்போது என் காதுக்குக் கிட்டக் குனிந்து உரத்துக் கதைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தொடங்கியிருப்பார்கள். இனி எவ்வளவு காலத்துக்கு இந்தப் பெயரோடு நடக்கவேண்டுமோ தெரியாது.

ஆகவே தயவுசெய்து இதைத் தெளிவாக எழுதுங்கள். நடந்தபடியே, ஒரு எழுத்தும் விடாமல். முதல்முறை, தம்பிஐயா என்னைக் கேட்பதற்கு முன்னமே அவன் சொல்லிவிட்டான். இரண்டாம்முறை, பெர்னடெட் ஓடி வரும்போது. மூன்றாம்முறை என் கண்ணைப் பார்த்து, மாஸ்ரர் என்ற சொல்லையும் சேர்த்து, ‘காணும் மாஸ்ரர்’ என்றான். சனம் அவ்வளவு கத்தியும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது. எனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை ஐயா. வேண்டுமானால் அந்த மூலைக்குப் போய் நின்று ஏதாவது மெல்லச் சொல்லிப் பாருங்கள்.